இருநூற்றெண்பது அப்பங்கள்

1997 ஜூன் 2, திங்கள்

கணக்கு மிஸ் இமெல்டாவின் டஸ்டருக்குள் நான் சோக்குத் தூளை அடைத்து வைத்தது உண்மை. அவர் ஒரு தட்டுத் தட்டியதும் இடியப்ப மாவில் விழுந்து எழும்பியவர் போல ஆனதும் உண்மை. சிரித்தது நாற்பது பேர், பிடிபட்டது ஒருத்தி. தண்டனை: மற்றவர்கள் புத்தகத்தில் உள்ள இருவழி அட்டவணையைச் செய்ய, நான் மட்டும் சொந்தமாகத் தரவு சேர்த்துச் செய்ய வேண்டும்.

“இருநூற்றைம்பதுக்குக் குறையக் கூடாது, கௌரி. எண்ணி முடியுமட்டும் உமக்குக் குழப்படிக்கு நேரம் வராது.”

மிஸ் என்னை இன்னும் சரியாக அறியவில்லை.

ஜூன் 3

எங்கள் ஃப்ளாட்டில் இப்போது ஐந்து பேர். கொழும்பில் தமிழர் வீடென்றால் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் படிவம் கொடுத்துப் பதிய வேண்டும்; எங்கள் படிவத்தில் நான்கு பேர்: அப்பா, அம்மா, அம்மம்மா, நான். மிச்சம் ஒருவர் ஸ்ரீ அண்ணா, பெரியப்பாவின் மகன், வவுனியாவிலிருந்து போன வெள்ளி வந்தவர். இருந்தும் இல்லாதவர். கடவுளுக்குப் பிறகு இவர்தான்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு தூதரகத்தில் 26ஆம் திகதி ஒன்பது மணிக்கு அண்ணாவுக்குப் புலமைப்பரிசில் நேர்முகத் தேர்வு. ஒரே ஒரு தரம்தான் கூப்பிடுவார்களாம். அதுவரை வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். பல்கனிக்கும் போக விடுவதில்லை.

அம்மா கேட்டா: “பெடியன்ர பேரையும் பதிஞ்சு விட்டா என்னப்பா?”

அப்பா: “விசர்க் கதை கதையாதையும். என்ர கந்தோரில வேலை செய்யிற மூண்டு பேற்ற பெடியளைக் கொண்டு போனவங்கள். மூண்டு பேரும் பதிஞ்ச ஆக்கள். பேர் குடுத்தா லிஸ்டில ஏறும். லிஸ்டில ஏறினா வாசலுக்கு வருவாங்கள்.”

வெள்ளவத்தையில் பாதி அப்பாமார் இதைத்தான் சொல்கிறார்கள். மற்றப் பாதி அம்மாமாருக்குப் பயந்து பதிந்துவிட்டார்கள்.

ஜூன் 4

யோசனை வந்துவிட்டது! மிஸ்ஸின் தண்டனையும் அப்பாவின் தர்க்கமும் ஒரே அட்டவணையில்.

வகுப்பில் எல்லாருக்கும் ஒரு அண்ணனோ மச்சானோ இருக்கிறார்கள். ஒவ்வொரு தரம் அவர்கள் வெளியே போய்வருவதும் ஒரு தரவு. பதிந்தவரா, இல்லையா? வழியில் மறித்துப் பொலிஸுக்குக் கொண்டு போனார்களா, விட்டார்களா?

ஆனால் இப்படி ஒரு கணக்கை ஒரு தமிழ்ப் பிள்ளையின் புத்தகப் பையில் கண்டால் அடுத்த தரவு நான்தான். அதனால் எல்லாம் அப்பம். பதிந்தவர் ‘மூடி போட்டுச் சுட்டது’, பதியாதவர் ‘மூடாமல் சுட்டது’. கொண்டு போனால் ‘கருகியது’.

இடைவேளையில் தெஹிவளை ஹமீமாவும் நானும் கொப்பியோடு சுற்றினோம். “உங்கட வீட்டில இந்தக் கிழமை எத்தனை அப்பம்?” றோஸிக்கு விளங்காமல், அவர்கள் வீட்டில் காலைச் சாப்பாட்டுக்குக் கடைப் பாண்தான் என்று சொல்லிவிட்டாள்.

ஜூன் 9

எண்ணிக்கை 160. கருகியது 11. அதில் ஒருவர் இரண்டு நாள் வீடு திரும்பவில்லை. அதைச் சொன்னவள் சிரிக்கவில்லை, நாங்களும்.

ஜூன் 13, வெள்ளி

முடிந்தது.

மூடியது: கருகியது 12, கருகாதது 228, மொத்தம் 240.
மூடாதது: கருகியது 8, கருகாதது 32, மொத்தம் 40.
எல்லாம் சேர்த்து 280. கருகியது 20.

கருகிய இருபதில் பன்னிரண்டு மூடியது. 12/20. அறுபது வீதம்! அப்பா சொன்னது சரி. சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அப்பா கதிரையில் நிமிர்ந்து இருந்து, “பாத்தீரே? இப்ப கணக்கே சொல்லுது” என்று அம்மாவைப் பார்த்தார். எனக்கு இரண்டாவது பொரித்த மீன் துண்டு கிடைத்தது. 26ஆம் திகதி ஸ்ரீ அண்ணா பதியாமலே விடிய வெள்ளனப் போவதென்று முடிவு.

அண்ணா தட்டைக் கழுவி வைத்தார். பிறகு தனியாக, “கௌரி, வடிவா எண்ணினனியோ?” என்று கேட்டார்.

“நான் பிழை விட்டா என்ர பேரை மாத்துறன்.”

ஜூன் 16, திங்கள்

பத்துக்கு நாலு. சிவப்பு மையில் ஒரே ஒரு வரி: ‘எந்த மொத்தத்தால் பிரித்தீர்?’ கீழே சின்னதாக: ‘உங்கள் வீட்டுக்கு அப்பச்சட்டி புதிதாக வாங்கவும்.’

நான் மிஸ் மீது கோபத்தோடு ஹமீமாவிடம் போனேன். அவள் பட்டீஸைக் கடித்துக்கொண்டே கொப்பியைப் பார்த்தாள்.

“கருகினதுக்குள்ள எத்தன மூடினது எண்டு நீ பாத்தீக்கிறாய். ஒங்கட அண்ணன் இன்னும் கருகல்லயே? அவரு மூடினா கருகுவாரா எண்டுதானே ஒனக்குத் தெரியோணும்?”

“ரெண்டும் ஒண்டுதானே?”

“அப்பிடியா? பிரிச்சுப் பாரு.”

பிரித்தேன். மூடியது 240, அதில் கருகியது 12. நூற்றுக்கு ஐந்து. மூடாதது 40, அதில் கருகியது 8. நூற்றுக்கு இருபது.

நாலு மடங்கு.

பதிந்தவர்கள்தான் கூட. அதனால் பிடிபட்டவர்களிலும் அவர்கள்தான் கூட. அவ்வளவுதான் விசயம். நான் கீழே போடவேண்டிய எண்ணை மாற்றிப் போட்டுவிட்டு மீனும் தின்றிருக்கிறேன். நான் ஒரு சரியான மடைச்சி. மணி அடித்த பிறகும் எழும்பாமல் இருந்தேன். ஹமீமா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 17

அப்பாவுக்குச் சொன்னேன்.

“வெள்ளிக்கிழமை ஒரு கணக்கு, செவ்வாய்க்கிழமை இன்னொரு கணக்கோ?”

“எண் அதுதான் அப்பா. கேள்விதான் பிழை. இஞ்ச பாருங்கோ. எங்கட மாடிப்படியில விழுந்த ஆக்களில முக்கால்வாசிப் பேர் செருப்புப் போட்டவை. அப்ப நாளையில இருந்து செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறுவமோ?”

“எல்லாரும் செருப்புப் போட்டுத்தானே ஏறுறது!”

“அதுதான். எல்லாரும் பதிஞ்சுதானே போகினம்.”

அப்பா, “அது வேற, இது வேற” என்றார். பேப்பரை விரித்தார்.

அப்போது ஸ்ரீ அண்ணா அறையிலிருந்து வந்தார். “சித்தப்பா, எனக்குக் கணக்கு விளங்குது. அந்த நாப்பதில நான் நிக்க விரும்பேல்ல.”

அப்பா கொப்பியைக் கேட்டு வாங்கினார். என் எண்களை விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டினார். இரண்டு தரம். பிறகு, “அப்பமோ?” என்றார்.

“ஓம் அப்பா.”

“எழும்பிப் போ, படிக்க.” ஆனால் உதட்டில் ஏதோ துடித்தது.

ஜூன் 18

புதுப் படிவம். அப்பாவும் அண்ணாவும் பொலிஸுக்குப் போய் ஒன்றரை மணித்தியாலம். திரும்பி வந்தபோது அண்ணாவின் கையில் முத்திரை குத்திய தாள். சார்ஜன்ட், அண்ணா வந்து பத்தொன்பது நாளாகியும் ஏன் பதியவில்லை என்று சிங்களத்தில் நன்றாக ஏசினாராம். அப்பாதான் முழுவதையும் வாங்கிக் கட்டிக்கொண்டாராம்.

ஐந்து பேர். படிவத்திலும் ஐந்து.

ஜூன் 20

பௌர்ணமிப் போயா லீவு. யாரும் வாசலுக்கு வரவில்லை.

ஜூன் 25

நூற்றுக்கு ஐந்து என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. அந்தப் பன்னிரண்டு தரமும் கையில் தாள் இருந்ததுதானே? ஸ்ரீ அண்ணா பதின்மூன்றாவதாகப் போனால்? நூறு தரம் போகிற ஆளென்றால் சரி. அவர் நாளைக்கு ஒரே ஒரு தரம்தான் போகப்போகிறார். என்ர எண்ணை நம்பி. நான் சும்மா மிஸ்ஸுக்குச் சோக்குத் தூள் வைச்சிட்டு முழங்காலில நிண்டிருக்கலாம். ஏன் எனக்கு இந்த வேலை?

நிகழ்தகவாம். நிகழக் கூடாததுக்கும் அதே பெயர்தானா?

அண்ணா நாளைக்குப் போடும் சேட்டை அயர்ன் பண்ணிக்கொண்டிருக்கிறார். “என்ன, வாய்க்குப் பூட்டோ?” என்று கேட்டார். நான் கொலரை இழுத்துப் பிடித்தேன்.

ஜூன் 26, வியாழன்

6.40: போய்விட்டார். பஸ்ஸில்.

பள்ளிக்கூடத்தில் மூன்று பாடம் நடந்தது. என்ன பாடம்? கேட்காதே. ஹமீமா தன் பட்டீஸில் பாதியைத் தந்தாள். தின்றேனா?

2.15: வீட்டுக்கு ஓடி வந்தேன். இன்னும் வரவில்லை. அம்மா சோற்றை மூடி வைத்திருக்கிறா. அப்பா கந்தோரிலிருந்து நாலு தரம் ஃபோன்.

3.05: வந்தார்!!!

பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்களாம். அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் அண்ணாவை ஒரு பக்கமாக நிற்க வைத்தார்களாம். அவரோடு இன்னும் இரண்டு பேர். “கொஹேத யன்னே?” எங்கே போகிறாய்? அண்ணா தாளை நீட்டினார். அந்த ஆமிக்காரர் முத்திரையைப் பார்த்தார், திகதியைப் பார்த்தார், பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். என் பெயரைத் தப்பாக வாசித்தாராம். பிறகு தாளை மடித்துத் திருப்பித் தந்துவிட்டு, “யன்ன”, போ, என்றார்.

மற்ற இருவரில் ஒருவரிடம் தாள் இல்லை. அவர் அங்கேயே நின்றார் என்று சொல்லும்போது அண்ணாவின் குரல் இறங்கியது.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கத் தூதரக வாசலில். நேர்முகத் தேர்வு நன்றாகப் போனதாம். திரும்பி வரப் பஸ் கிடைக்காமல் நடந்து வந்தாராம், அதுதான் சுணக்கம். நடந்தாராம்! நாங்கள் இங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க, இவர் காற்று வாங்கி வந்திருக்கிறார்.

நான் அழவில்லை. வெங்காயம். (அம்மா வெங்காயம் உரிக்கவில்லை.)

அப்பா வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாமல் அண்ணாவின் தோளில் கையை வைத்தபடி நின்றார். பிறகு என்னைப் பார்த்து, “பிள்ளை, உன்ர மிஸ்ஸிட்டச் சொல்லு, பத்துக்கு நாலு காணாது, கூடப் போட வேணும் எண்டு.”

ஜூன் 30

திருத்திக் கொடுத்தேன். பத்துக்கு ஒன்பது. ஒரு புள்ளி ஏன் குறைந்தது என்று கேட்டேன்.

“சோக்குத் தூளுக்கு” என்றார் இமெல்டா மிஸ். பிறகு குரலைத் தணித்து, “என்ர தம்பியும் போன கிழமைதான் பதிஞ்சவன். கொட்டாஞ்சேனையில. அந்த அப்பக் கணக்கைப் பையில வச்சுக்கொண்டு திரியாதையும், கௌரி. கிழிச்செறியும்.”

மிஸ் முதல் நாளே அப்பத்தை நம்பவில்லை.

கிழித்தேன். எண்கள் மனப்பாடம்.

ஜூலை 6, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்ட பிறகு எல்லாரும் படுத்துவிட்டோம். எழும்பிப் பார்த்தால் ஸ்ரீ அண்ணாவைக் காணவில்லை. யாரும் தேடவும் இல்லை. ஐந்து மணிபோல வந்தார். கடற்கரைக்குப் போயிருந்தாராம், தண்டவாளத்தைத் தாண்டி, தனியாக. காற்சட்டையை முழங்கால்வரை மடித்திருந்தார்.

அம்மாவுக்குச் சரியான கோபம். “இப்பதான் கூட்டினனான், நிலமெல்லாம் மணல்! காலைத் தட்டிப்போட்டு உள்ளுக்கு வரத் தெரியாதோ?”