குதிக்கிறவனுக்கு எடை வேண்டும்

பாளையங்கோட்டை
12.7.1998

அன்புள்ள ஃபிளோரா,

இங்கே எல்லோரும் நலம். பிளஸ் டூ முடித்து நீ ஊருக்குப் போனதிலிருந்து ஒரு வரி கூட எழுதவில்லை. கோபம்தான், இருந்தாலும் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கவுன்சலிங்கில் எனக்குக் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கிடைத்துவிட்டது. கணக்கில் என்னைவிட உனக்குத்தான் மார்க் அதிகம். நீயும் அதையே எடு. உன் ரெக்சன் அண்ணன் கப்பலிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேமை விளையாடிவிட்டு, "இத மாதிரி நாமளே செய்யணும்ட்டி" என்று சொன்னவள் நீ. அதற்குக் கம்ப்யூட்டர்தானே படிக்க வேண்டும்? என் அப்பாவும் அதைத்தான் சொல்கிறார்.

தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலில் நிற்கும்,
சுகிர்தா

குலசேகரன்பட்டினம்
20.7.1998

என் பிரியமுள்ள சுகிர்தாவுக்கு,

உனக்கு சீட் கிடைத்ததைச் சொன்னதும் அம்மா கோயிலில் மெழுகுதிரி ஏற்றினாள். நான் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். திட்டாதே, முழுதும் படி.

அந்த கேமில் ஒருவன் ஓடுகிறானே, அவன் குதிப்பதைக் கவனித்தாயா? தரையில் விழும்போது முழங்கால் மடங்குவதே இல்லை. காகிதம் மாதிரி விழுகிறான். அதைச் செய்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்கிறது. மனுஷன் எப்படிக் குதிக்கிறான் என்று தெரியவில்லை. எனக்கு அதைத்தான் படிக்க வேண்டும்.

அப்பாவிடம் சொன்னதும், "படம் வரைஞ்சா சோறு கிடைக்குமாட்டி?" என்றார். அவருடைய மீன்பிடி வள்ளத்திலிருந்து குதித்துக் காட்டச் சொன்னேன். குதித்தார், வரைந்தேன். இன்னொரு தடவை என்றேன். கரையில் நின்றவர்கள், "கபிரியேலுக்குக் கோட்டி பிடிச்சிட்டு வே" என்று அப்பாவைப் பைத்தியக்காரனாக்கிச் சிரித்தார்கள். இடுப்பில் கட்டிய சாரம் நனைய நனைய, நான் போதும் என்கிறவரை குதித்தார். பிறகு தாள்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்தார். "நான் இடது காலைத்தான் முதல்ல ஊனுதேனா?" என்று கேட்டார். விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கி, "எங்கன கையெழுத்துப் போடணும்?" என்றார்.

நீ சிரிக்கிறாயா, முறைக்கிறாயா என்று தெரியாமல்,
ஃபிளோரா

கோயம்புத்தூர்
14.2.1999

அன்புள்ள ஃபிளோரா,

முறைத்தேன். என்னைத் தனியாக விட்டுவிட்டாய் என்றுதான் இத்தனை மாதம் பேசாமல் இருந்தேன். போன வாரம் ஓவியக் கல்லூரியிலிருந்து நீ அனுப்பிய படங்கள் வந்தன. உன் அப்பா குதிப்பதைத் திரும்ப வரைந்திருக்கிறாய், இந்தமுறை கட்டம் போட்ட தாளில். கட்டம் கட்டமாகப் பார்த்து லேபில் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஓடவிட்டதும் எனக்கே சிலிர்த்துவிட்டது. திரையில் அந்தச் சின்ன மனிதர் முழங்காலை மடக்கி, கையை விரித்து, ஒரு நொடி தடுமாறி நிற்கிறார். பக்கத்து மிஷினில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். "யார் வரஞ்சது?" என்று கேட்காதவர் இல்லை. "என் சிநேகிதி" என்று சொல்லும்போது எனக்குத்தான் எத்தனை பெருமை!

இன்னும் வரைந்து அனுப்பு. ஏறுவது, இழுப்பது, வழுக்குவது. நான் ஓட வைக்கிறேன்.

உன் சுகிர்தா

கோயம்புத்தூர்
6.12.1999

அன்புள்ள ஃபிளோரா,

உன் படங்களை வைத்து நாம் செய்து முடித்த கேமை ஒரு ஃப்ளாப்பியில் போட்டு, பெங்களூரில் கேம் தயாரிக்கிற ஒரு சின்ன கம்பெனிக்கு அனுப்பியிருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் உனக்கு எதற்கு வருத்தம் என்று நினைத்தேன். இன்று பதில் வந்தது. வரும் கோடை விடுமுறையில் உன்னை மட்டும் பயிற்சிக்கு அழைக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் வேலையும் தருவார்களாம். புரோகிராம் எழுத அவர்களிடம் போதுமான ஆட்கள் இருக்கிறார்களாம்.

ஹாஸ்டல் மாடியில் துணி காயப்போடுகிற இடத்தில் போய் நின்று கொஞ்சம் அழுதேன். பொறாமையா என்றால், ஆமாம். பிறகு லேபுக்குப் போய் அந்த மனிதரைக் குதிக்கவிட்டுப் பார்த்தேன். ஆள் எடுக்கிற இடத்தில் நான் இருந்தாலும் உன்னைத்தான் எடுத்திருப்பேன்.

"நீ இல்லாம நான் போகமாட்டேன்" என்று எழுதிவிடாதே. அப்படி ஒரு கடிதம் வந்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன். உன் அப்பாவுக்கு இன்றே எழுது. நான் இன்னும் நன்றாகப் படித்து, முடித்ததும் அதே கதவைத் தட்டுவேன். அன்றைக்கு மேஜைக்கு அந்தப் பக்கம் நீ உட்கார்ந்திருந்தால் கடினமாகவே கேள்வி கேள். சலுகை காட்டினால் பேசவே மாட்டேன்.

போயிட்டு வாட்டி.

சுகிர்தா