பத்தில் நின்ற குமிழ்

9-6-1996, ஞாயிறு

நேற்று செங்கம் ரோடு மண்டபத்தில் கல்யாண வரவேற்புக் கச்சேரி. பதினெட்டுப் பாட்டு. பதினெட்டுக்கும் வாசித்தேன். கட்டை விரலின் ஓரத்தில் தோல் பிய்ந்து இன்னும் எரிகிறது. பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார்: "நீங்க ஆர்கெஸ்ட்ராவுல இன்னா பண்றீங்க சார்? வேன் ஓட்றீங்களா?"

ஓட்டினேன்தான். முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ். ஆனால் மேடை நடுவில் பேஸ் கிடாரை மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றவனைப் பார்த்து இந்தக் கேள்வி!

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என் பேஸ் எவன் காதிலும் விழுவதில்லை. குழுவில் சேர்ந்த பதின்மூன்று வருஷமாக விழவில்லை. காரணம் எனக்குத் தெரியும். ராஜமாணிக்கம். கஸ்தூரியின் தம்பி, என் மச்சான். எங்கள் குழுவுக்கு மைக் செட் அவனுடையது. ஆம்ப்ளிஃபயரில் என் வயர் சொருகும் இடத்துக்கு மேலே ஒரு வால்யூம் குமிழ் இருக்கிறது. அதை அவன் குறைத்து வைக்கிறான். கச்சேரிக்குக் கச்சேரி.

11-6-1996

கம்பிகளைக் கழற்றி சோடா உப்புப் போட்ட தண்ணீரில் கொதிக்க வைத்தேன். அழுக்கு போய் சத்தம் திரும்பிவிட்டது. புதுசு வாங்கத் தேவையில்லை. சாம்பார் குண்டானை எடுத்ததற்கு கஸ்தூரி சாயங்காலம்வரை பேசவில்லை.

16-6-1996, ஞாயிறு

ஆசிரமத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு விடுதி. அங்கே சமைக்கும் பொன்னி சொல்லி அனுப்பியிருந்தாள்: தங்கியிருக்கும் வெள்ளைக்காரர் அவர் ஊரில் பேஸ் வாசிக்கிறவராம். கிடாரையும் என் சின்னப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன். அதில் எட்டு இஞ்ச் ஸ்பீக்கர். மேடையில் எனக்கு மட்டும் கேட்பதற்காக வைத்திருக்கிறேன்.

நான் வாசித்தேன். அவர் தலையை ஆட்டவில்லை. கிடாரை வாங்கி, கட்டை விரலைச் சும்மா மேலே வைத்துக்கொண்டு, இரண்டு விரல்களை மாற்றி மாற்றி, கம்பிகளைத் தொடுகிற மாதிரி வாசித்தார். பிறகு பொன்னியிடம் ஏதோ கேட்டார்.

"உங்களுக்கு அது மேல இன்னா கோவம்னு கேக்குறாருங்க."

கோபமா? எனக்கா? இந்த விரலைத் தேய்த்து நானாகக் கற்றுக்கொண்டது இது. 1978ல் சென்னையில் பழைய பேஸ் ஒன்றை வாங்கி, டேப் ரெக்கார்டரில் காதை ஒட்டி, ஒரு பாட்டுக்கு ஒரு மாதம். ஒருத்தன் சொல்லித்தரவில்லை. தடிக்கம்பி அறுந்தபோது சைக்கிள் பிரேக் கேபிளைக் கட்டி ஒரு கச்சேரியே ஒப்பேற்றியிருக்கிறேன். கட்டை விரல்தான் என் விரல். மாற்ற முடியாது என்று சொல்லச் சொன்னேன். சிரித்தார். காபி கொடுத்தார். நன்றாக இல்லை.

23-6-1996

செழியன் வந்தான். குழுவை நடத்துகிறவன், பாடுகிறவனும் அவனே. நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, பாலாஜி புது கீபோர்டு வாங்கிட்டான். அதுல இடது கையில பேஸும் வந்துடுது."

"அதுக்கு?"

"ஒண்ணுமில்ல. வேன்ல எடம் பத்தல. ஆடி கச்சேரிங்க முடியட்டும், பேசலாம்."

பேசுவதற்கு என்ன இருக்கிறது? கேட்காத பேஸுக்கு எதற்கு ஆள் என்கிறான். நேராகச் சொல்ல வாய் வரவில்லை. ஆடி முடிய ஏழு வாரம் இருக்கிறது. அதற்குள் ஒரு தடவையாவது நான் காதில் விழவேண்டும்.

24-6-1996

தூக்கம் இல்லை. 1989ஐ நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

பங்குனி உத்திரக் கச்சேரி. ஒரு பாட்டின் நடுவில் மற்ற எல்லாம் நின்று, பேஸ் மட்டும் தனியாக அரை நிமிஷம் வரும். அதற்காக மூன்று மாதம் பழகினேன். கஸ்தூரியை முன் வரிசையில் உட்கார வைத்திருந்தேன். முடிந்ததும் கேட்டேன், எப்படி என்று.

"நல்லாதான் இருந்துச்சி. நடுவுல கொஞ்ச நேரம் எல்லாரும் ஏன் நிறுத்திட்டீங்க?"

நேராக மைக் செட் மேஜைக்குப் போய், அத்தனை பேர் முன்னால் ராஜமாணிக்கத்தைக் கேட்டேன். நீ எல்லாம் மனுஷனா என்று கேட்டேன். அவன், "மாமா, குழாய் ஸ்பீக்கர்ல அது வராது மாமா" என்றான். சாக்கு! செழியனின் குரல் வருகிறது, தபேலா வருகிறது, என்னுடையது மட்டும் வராதாம்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஏழு வருஷம். ஒரே வேனில்தான் போகிறோம். சொல்ல வேண்டியதைக் கஸ்தூரியிடம் சொல்கிறேன், அவள் அவனிடம் சொல்கிறாள்.

7-7-1996

முடிவு செய்துவிட்டேன். கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன்.

20-7-1996, சனி

நேற்று ஆடி முதல் வெள்ளி. கீழ்பென்னாத்தூரில் கச்சேரி. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் ஐந்துக்கே போய்விட்டோம். சத்தம் சரிபார்க்கும் நேரத்தில் கிடாரைப் பாலாஜியின் கழுத்தில் மாட்டி, "நிறுத்தாம தட்டிக்கினே இரு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பஜார் வேப்பமரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள், ஊமத்தம்பூவைக் கவிழ்த்த மாதிரி. நேர் கீழே போய் நின்றேன். டொக், டொக். கதவை நகத்தால் தட்டுவது போல. அவ்வளவுதான். பேஸ் இல்லை. இதோ அகப்பட்டான் என்று மைக் செட் மேஜைக்கு ஓடினேன். ராஜமாணிக்கம் அங்கே இல்லை. ஏணிமேல் நின்று ஏழாவது குழாயைக் கட்டிக்கொண்டிருந்தான்.

ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன். ஐந்து குமிழ்கள். நாலாவதில் என் வயர். அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி பழசாகிப் பழுப்பேறியிருந்தது. பேனாவில் ஒரு கோடு, பக்கத்தில் "மாமா" என்று எழுத்து. கோடு பத்தில். குமிழும் பத்தில். அதற்குமேல் திருக இடமில்லை.

மற்ற நாலும் நாலு, ஐந்து என்று நின்றன.

பாலாஜி இன்னும் தட்டிக்கொண்டே இருந்தான்.

21-7-1996

அப்படியானால் 1989ல்?

22-7-1996

குழாயில் அது வராது என்றால் வராதுதான். சின்னத் தொண்டை. சன்னமான சத்தம் மட்டும் போகும். அதுவும் ரொம்ப தூரம் போகும். ஊர்க்காரர்களுக்கு வேண்டியதும் அதுதான். பக்கத்து ஊருக்குக் கேட்கவேண்டும். எட்டுக் குழாய் கட்டினால் பெரிய திருவிழா, நாலு கட்டினால் ஏழைத் திருவிழா. பெரிய பாக்ஸ் ஸ்பீக்கர் வைத்தால் பந்தலைத் தாண்டாது. எவன் ஒத்துக்கொள்வான்?

அவன் சொன்னான். நான் கேட்கவில்லை. அதற்காக இப்போது போய் என்ன சொல்வது? அறுபத்தோரு வயதில்? சொல்ல மாட்டேன்.

பாக்ஸ் செய்யப் போகிறேன்.

25-7-1996

சென்னை போய் ரிச்சி தெருவில் பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர் வாங்கினேன். திரும்பும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் என்னோடு வேலை பார்த்த ராஜேந்திரன். "இன்னாண்ணே, அண்டாவா? கொழந்தையா? அரை டிக்கெட் போட்றட்டுமா?" என்றான். திண்டிவனத்தில் டீ குடிக்கக்கூட நான் இறங்கவில்லை.

30-7-1996

வேங்கிக்காலில் புது வீடுகளுக்குக் கதவு செய்யும் ஆசாரி இருசப்பன். மிஞ்சின பிளைவுட்டில் பெட்டி அடித்துக் கொடுத்தார். இடுப்பு உயரம். தட்டினால் காலிப் பீப்பாய் போல அதிர்ந்தது. உள்ளே பஞ்சு அடைத்தால் அடங்கும் என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் இலவம்பஞ்சுத் தலையணை நாலு இருந்தது.

கஸ்தூரி: "என் தம்பிய ஏழு வருசமா ஏசினீங்க, பொறுத்துக்கினேன். தலகாணியில கை வெச்சீங்க பாருங்க!"

தலைக்கு வேட்டியைச் சுருட்டி வைத்துக்கொண்டு படுக்கிறோம்.

1-8-1996

ஒரு விஷயம் மறந்துபோனேன். பெட்டி மட்டும் இருந்தால் போதாது, அதைப் பேச வைக்க ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அது ராஜமாணிக்கத்திடம்தான் இருக்கிறது.

கஸ்தூரியிடம் சொன்னேன், அவனிடம் சொல்லு என்று. போய்விட்டு வந்து சொன்னாள்: "தனியா ஒரு ஆம்ப்ளிஃபயர் போட்டுத் தரானாம். பொட்டிய தரையில வெக்க வேணாம், பலகை மேல வெக்கச் சொன்னான். வேற ஒண்ணும் கேக்கல."

வேறு ஒன்றும் கேட்கவில்லையா என்று இரண்டு தடவை கேட்டேன்.

4-8-1996, ஞாயிறு

ஆம்ப்ளிஃபயரை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வராமலே போய்விட்டான். மாட்டினேன். தடிக்கம்பியை ஒரு தட்டு. அலமாரியில் எவர்சில்வர் தட்டுகளெல்லாம் சேர்ந்து பாடின. காலண்டர் சுவரில் ஆடியது. எதிர்வீட்டு ஜோதியம்மாள் ஓடிவந்து, "லாரி எதுனா நிக்கிதா? என்ஜின அணைக்கச் சொல்லுங்க" என்றாள்.

பதின்மூன்று வருஷம் கழித்து முதல் ரசிகை. புகார்தான். இருக்கட்டும்.

9-8-1996, வெள்ளி

இன்று வேங்கிக்காலில் கச்சேரி. மழை இல்லை.

10-8-1996, சனி

நேற்றைய கச்சேரி பற்றி.

மேடையில் பெட்டியைப் பார்த்ததும் விழாக் கமிட்டித் தலைவர் ராமதாஸ், "பீரோ எதுக்குங்க? பரிசா?" என்றார். ராஜமாணிக்கம் அவரை ஓரமாகக் கூட்டிப்போய், எட்டுக் குழாயும் எட்டாகவே இருக்கும், இது மேல்கணக்கு என்று சொல்லிச் சரிக்கட்டினான். எனக்காகப் பேசினான் என்று எழுதவேண்டும். எழுதிவிட்டேன்.

முதல் பாட்டு. தட்டினேன். பந்தல் முழுக்க அது போனது. டியூப் லைட்டுகள் துடித்தன. முன் வரிசையில் ஒரு பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கேட்கிறது! இருநூறு பேர் காதில் நான்!

இரண்டாவது பாட்டில் செழியன் திரும்பிப் பார்த்தான். தாளம் பின்வாங்கியது. அவன் குரலைச் சேற்றில் இழுக்கிற மாதிரி என்னவோ இழுத்தது. பாலாஜி இடது கையை எடுத்துவிட்டான், அப்போதும் இழுத்தது. நான்தான். ஒவ்வொரு தட்டும் இடிபோல விழுந்து, எழுந்திருக்காமல் கிடந்து, அடுத்ததன் மேல் ஏறியது. பதின்மூன்று வருஷமாகக் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று ஓங்கி ஓங்கி அடித்தே பழகிய கை. அதற்கு வேறு மாதிரி வாசிக்கத் தெரியாது. கிடார்மேல் என்ன கோபம் என்று வெள்ளைக்காரர் கேட்டது அப்போதுதான் எனக்கு எட்டியது.

மூன்றாவது பாட்டில் பின்வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான்: "யோவ், அந்த டிராக்டர நிறுத்துய்யா!" ஜனம் சிரித்தது.

மைக் செட் மேஜையைப் பார்த்தேன். ராஜமாணிக்கம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை நாலாவது குமிழ்மேல் இருந்தது, என் வயர் இப்போதும் அது வழியாகத்தான் பெட்டிக்குப் போகிறது. திருகவில்லை. பந்தலே காதைப் பொத்துகிறது, செழியன் கண்ணால் கெஞ்சுகிறான், அவன் திருகவில்லை. யார் சொன்னாலும் திருகமாட்டான். ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் அவனை என்ன கேட்டேன் என்பது அவன் முகத்தில் அப்படியே இருந்தது. நான் சொல்லாமல் அந்தக் குமிழ் இறங்காது.

பாட்டு முடிந்தது. மேடை ஓரத்துக்குப் போனேன்.

"கம்மி பண்ணுடா."

"எவ்ளோ மாமா?"

"பாதி."

"செரி மாமா."

திருகினான். அதன் பிறகும் கை கேட்கவில்லை. கட்டை விரலை நான் விடவில்லை. விடவும் மாட்டேன். ஆனால் நுனியை மடக்கி, ஓரச் சதையால், பூட்ஸ் போட்ட கால் பிரேக்கை மிதிக்காமல் மேலே சும்மா வைத்திருக்குமே, அந்த அளவுக்கு வைத்தேன். இரண்டு பாட்டு தடுமாறினேன். ஆறாவது பாட்டில் செழியன் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினான். அதற்குப் பிறகு எல்லாம் என்மேல் உட்கார்ந்து போயிற்று. பஸ் நாலாம் கியரில் விழுந்ததும் சத்தம் மாறுமே, அப்படி.

யாரும் கை தட்டவில்லை. டிராக்டர் என்று கத்தியவன் தலையாட்டிக்கொண்டிருந்தான், எதற்கு என்று தெரியாமலே.

வீட்டுக்கு வந்து கஸ்தூரியிடம் கேட்டேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கால்ல தெரிஞ்சுது. ஒக்காந்திருந்த பலகை வழியா."

18-8-1996, ஞாயிறு

ஆடி முடிந்தது. செழியன் பேச வருவான் என்று காலையிலிருந்து சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. ஆவணி முகூர்த்தத் தேதிகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தான். ஏழு கச்சேரி. கீழே ஒரு வரி: "அண்ணன் பெட்டிக்கு வேனில் பின் சீட்டைக் கழற்றிவிட்டோம்."

மத்தியானம் ராஜமாணிக்கம் சாப்பிட வந்தான். ஏழு வருஷம் கழித்து உள்ளே வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தான். "அக்கா, மாமாவுக்குக் கொழம்பு வேணுமானு கேளு" என்றான். நானும், "போதும்னு அவன்கிட்ட சொல்லு" என்றேன். கஸ்தூரி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கினு இருக்கீங்க. நடுவுல நான் இன்னா மைக் செட்டா?"

1989ஐப் பற்றி நான் பேசவில்லை. அவனும் பேசவில்லை. அப்பளம் பொரித்தது மூன்று. என்னுடையதை அவன் இலையில் வைத்தேன்.

கை கழுவிவிட்டு அவன் வாசலில் இறக்கி வைத்திருந்த மைக் செட் ஆம்ப்ளிஃபயரைத் துடைத்தான். நாலாவது குமிழ் பக்கத்தில் பழைய பிளாஸ்திரியை உரித்துவிட்டு, புதுசு ஒட்டி, "மாமா" என்று எழுதினான். ஐந்தில் கோடு போட்டான்.

"இது போதுமா மாமா?"

"ஆறு" என்றேன்.