பார்க்காத கடைசிப் பக்கங்கள்

சித்தி, புதுப் புத்தகத்தின் பசை வாசனை கூடத்தைவிட்டு இன்னும் போகவில்லை. மாட்ரிட்டிலிருந்து கப்பல் தபாலில் நீ வரவழைத்த ஸ்பானிஷ் நாவல், நீ போய் இரண்டு மாதம் கழித்து, நேற்று வந்து சேர்ந்தது. நான் பள்ளி விட்டு வந்தபோது உன் மலையாள மாணவி ஷீலா சேச்சி நேராகக் கடைசி அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். பையைக்கூடக் கழற்றாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதே நாவலின் பல்கலைக்கழக நூலகப் பிரதியில் கடைசிப் பக்கங்கள் இல்லை. அந்த இடத்தில் நடுப்பக்கங்களையே மறுபடியும் தைத்திருந்தார்கள். அதை வைத்துத்தான் வகுப்பு எடுத்தாய், கட்டுரையும் எழுதினாய். புருஷனை விட்டு ரயிலேறும் பெண் திரும்பமாட்டாள் என்பது உன் வாதம். குழந்தைகள் இருக்கிறார்களே, வந்துவிடுவாள் என்று நான் சண்டை போடுவேன். நீ வாழைப்பூ ஆய்ந்துகொண்டே சொல்வாய்: "வரமாட்டாடீ. வரணும்னு இருக்கறவ ஆத்துச் சாவிய எடுத்துண்டு போவா. இவ மேஜைமேல வச்சுட்டுன்னா போறா?"

துறைத் தலைவர் சிரித்தாராம். "முடிவு படிக்காம முடிவுரையா, டீச்சரே?" முழுப் பிரதி வரும்வரை கட்டுரை துறை இதழில் வராது என்று நிறுத்திவைத்தார். 'கடைசிப் பக்கங்களை நான் பார்க்கவில்லை' என்று முதல் வரியிலேயே நீ எழுதியிருந்தாய். "தப்பா இருந்தா மாத்தி எழுதிட்டாப் போச்சு" என்றாய். அதற்குள் அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. மாற்றி எழுத நீ இல்லாதபோது கட்டுரை தப்பென்று ஆகிவிடுமோ, உன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் சிரித்தபடியே இருந்துவிடுவார்களோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன்.

ஷீலா சேச்சி புத்தகத்தை மூடினாள். "அவள் திரிச்சு வரலை மோளே. டீச்சர் பறஞ்ச மாதிரி தன்னே."

நான் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் இரண்டு பேரும் காரணமில்லாமல் சிரித்தோம். கடைசியில் அந்தப் பெண் சின்னக் குழந்தையை மட்டும் ஆள் அனுப்பித் தன்னிடம் வரவழைத்துக்கொள்கிறாளாம். அதை நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

கட்டுரை அடுத்த இதழில் வந்துவிடும். இனி அந்த முதல் வரி எதற்கு என்று ஷீலா சேச்சி அதை அடிக்கப் பேனாவை எடுத்தாள். இருக்கட்டும் என்றேன். கடைசிப் பக்கங்களைப் பின்னால் பார்த்து, கட்டுரை சரியென்று கண்டதாக அவள் கீழே ஒரு குறிப்பு எழுதினாள்.

இன்று சரித்திர வகுப்பில் என்னை எழுப்பிக் கேள்வி கேட்டார்கள். பாடத்தில் பாதிதான் படித்திருந்தேன். முதலில் அதைச் சொன்னேன். பிறகு, படித்தவரைக்கும் எனக்கு என்ன தோன்றியதோ அதைச் சொன்னேன்.