அன்று கத்தியது நான்தான், அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நலமா? நான் சுகமாக இருக்கிறேன்.

இங்கே நார்வே கப்பல் பட்டறையில் போன வாரம் ஏணியில் கால் வழுக்கி மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. பயப்பட ஒன்றுமில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் சூப் கிண்ணத்தைத் தூக்கும்போது கை நடுங்கி, சட்டையெல்லாம் கொட்டிவிட்டது. "என்னப்பா, குளிக்கிறியா?" என்று ஒருத்தன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறைக்கு வந்தபிறகுதான் உங்கள் முகம் நினைவுக்கு வந்தது.

போன வருடம் நம் ஊர் பீர் விழாவில் முதல் பீப்பாயில் சுத்தியலால் குழாயை அடித்துத் திறக்கும்போது உங்கள் கை நடுங்கி, பீர் மேயர்மேல் பீய்ச்சியடித்ததே! "யோவ் கிழவா, தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுறியா?" என்று முதலில் கத்தியது நான்தான். யாரென்று நீங்கள் கேட்கவே இல்லை. பெற்ற பிள்ளையின் குரல் தெரியாமலா இருந்திருக்கும்?

இந்த வருடம் சுத்தியலைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்களாம். அக்கா வால்புர்கா எழுதியிருந்தாள். என்னை மன்னித்துவிடுங்கள் அப்பா.

ஆறு மாதமாக அந்த விழாவுக்குத்தான் நாள் எண்ணுகிறேன். இங்கேயும் பீர் கிடைக்கிறது, தனியாகக் குடிக்க மனசில்லை. வெள்ளிக்கிழமை மதியம் வந்துவிடுவேன். விழாவுக்குப் போடும் என் தோல் கால்சட்டையை அம்மாவை வெயிலில் போடச் சொல்லுங்கள். நான் இளைத்துவிட்டதால் இடுப்பில் தளர்வாக இருக்கும், பொத்தானைத் தள்ளித் தைக்கட்டும்.

சுத்தியலை நீங்களே பிடியுங்கள், குழாயை நான் பிடித்துக்கொள்கிறேன். முடியாது என்றாலும் குறை சொல்லமாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு ஒரு கோப்பை குடியுங்கள், போதும்.

தபால்காரர் கிளம்பப்போகிறார், ஓடுகிறேன்.

உங்கள் மகன்,
கோர்பினியன்