நான் அடித்த சொல்

என் பகவதிக்கு,

வருகிற வியாழனோடு நீ போய் ஒரு வருஷம். திதி கொடுக்க ராஜன் வருகிறான். உன் பதினாறாம் நாளோடு என்னிடம் பேச்சை நிறுத்தியவன், நம் மகன்.

அறுத்த வயலில் காலில் நெல்தாள் குத்தின புண்தானே என்று இருந்தாய். சர்க்கரை நோய் அதை ஆறவிடவில்லை. காலை எடுக்காவிட்டால் விஷம் ஏறிவிடும் என்றார் டாக்டர். நீ கட்டிலில் கிடந்து சிரித்தாய். "வெட்டாண்டாம், கேட்டேளா? காலு ஒரு எடத்துல, நான் ஒரு எடத்துலயா எரியதுக்கு? ஒத்தக் காலோட போனா எமனே நொண்டீன்னு கூப்பிடுவான்."

மறுநாள் நர்ஸ் ஒரு தாளை நீட்டினாள். இங்கிலீஷில் இரண்டு வரி. ஒன்றில் கன்சென்ட், சம்மதம்; மற்றதில் ரெஃப்யூஸ், மறுப்பு. வேண்டாததை அடித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். "தாத்தா, தமிழ்ல சொல்லட்டா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஐந்தாம் கிளாசோடு நின்று, கோட்டாறு பலசரக்குக் கடையில் பொட்டலம் மடிக்கிற பேப்பரையும் ஒரு அகராதியையும் வைத்து இங்கிலீஷ் படித்தவன் நான். "எனக்குத் தெரியும் மக்கா" என்றேன். முதல் சொல்லை அடித்தேன்.

சம்மதிப்பது என்றால் ஒன்றைச் செய்வது, மறுப்பது என்றால் சும்மா இருப்பது. இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சும்மா இருப்பதற்கு எதற்குக் கையெழுத்து?

அன்று பகல் முழுக்க வலியில் துடித்தாய். சாயங்காலம் கேட்டாய்: "ஒப்புப் போட்டாச்சா?"

"போட்டாச்சு, ஏ பிள்ள."

"நல்லதாப் போச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டாய். எந்தச் சொல்லுக்குக் கையெழுத்துப் போட்டேன் என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வலியில் மனசு மாறியிருந்தாயா? கால் போனால் போகட்டும் என்றா அப்படிச் சொன்னாய்? மூன்றாம் நாள் நீ இல்லை.

பதினாறாம் நாள், பந்தியில் எல்லார் முன்னாலும் ராஜன் கேட்டான். "இங்கிலீஷ் படிச்சது அம்மையக் கொல்லதுக்காப்பா?"

"ஒங்க அம்மைக்கு வாசிச்சுக் காட்டிட்டுத்தாம்லே போட்டேன்" என்றேன்.

பொய். உனக்கு முழு நினைவு இருந்தது. தாளைக் கையில் தந்திருந்தால் நீயே போட்டிருப்பாய்.

வெட்டாண்டாம் என்றாய், மறுத்தேன். அதில் யார் வந்தாலும் நான் இறங்கப் போவதில்லை. ஆனால் உனக்கு வாசித்துக் காட்டவில்லை என்பதை வியாழக்கிழமை, எள்ளும் தண்ணீரும் விடுவதற்கு முன்னால், ராஜனிடம் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு அவன் எழுந்து போனால், மிச்சத் திதியை நானே கொடுக்கிறேன்.

உன்னிடம் கேட்காமல் போட்டவன்,
உன் வீட்டுக்காரன்