ஞாயிற்றுக்கிழமை கேசட்

ஜூன் 3, 1998, புதன்

சிங்கப்பூரிலிருந்து அப்பாவின் கேசட். இரண்டு வீடு பார்த்தாராம். இரண்டிலும் ஜன்னலோரம் டேப்ரெக்கார்டரை வைத்துத் தெருச் சத்தத்தைப் பிடித்து அனுப்பியிருக்கிறார். அம்மாவின் கண்டிஷன் அப்படி: "சத்தமில்லாத வீடுன்னா வாரேன். இல்லேன்னா நானும் ஐரினும் திண்டுக்கல்லுலயே கெடக்கோம்."

அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. பக்கத்துப் பூட்டுப் பட்டறையில் இரும்பை அராவ ஆரம்பித்தால் அவளுக்கு ஒற்றைத் தலைவலி. ஆனால் அப்பாவைப் பார்த்து மூன்று வருஷம். எனக்கு அவர் ரிவைண்ட் பண்ணிக் கேட்கிற அப்பா.

முதல் பக்கம் தேக்கா, அங்கத்துத் தமிழ்க் கடைத்தெரு. அடேயப்பா! தமிழ், சீனம், மலாய், ஹாரன், ஆயிரம் செருப்பு — உலகமே ஒரு ஜன்னல் வழியாக நுழையப் பார்க்கிறது. வாய் பிளந்து கேட்டேன்.

"அணைடி!" என்றாள் அம்மா.

மறுபக்கம் ஜூரோங். ஒரு குருவி. அவ்வளவுதான். டேப் ஓடுகிறதா என்று குனிந்தே பார்த்தேன்.

"இதுதேன் வீடு" என்றாள்.

ஜூன் 5

பூத்திலிருந்து பேசி அம்மா சரி சொல்லிவிட்டாள். அப்பா பதினைந்தாம் தேதி ஜூரோங் வீட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறார்.

ஜூன் 7, ஞாயிறு

எங்கள் தெருவின் 'இன்னிசை'யைப் பதிவு செய்து அப்பாவுக்கு அனுப்பிக் கலாய்க்கலாம் என்று ஜன்னலில் டேப்பை வைத்தேன். போட்டுக் கேட்டால் — ஒரு காக்கா! பட்டறைக்கு இன்று லீவு.

சிரிப்பு பாதியில் நின்றது. அப்பாவுக்கும் ஞாயிறு மட்டும்தானே லீவு? "சர்ச்சுல பூசை முடிஞ்சு நேரா இங்கதான் வந்தேன் ஐரின்" என்று கேசட்டிலேயே சொல்கிறார். ஜூரோங் முழுக்க ஃபேக்டரி என்றும் சொல்கிறார். அதுகளுக்கும் அன்றைக்கு லீவுதானே?

சொன்னால் அம்மா வரமாட்டாள். சொல்லாவிட்டால் வருவாள், வந்து? பொய் எனக்குப் புதுசா என்ன? ஆனா இது வெளாட்டு இல்லயே.

ஜூன் 8, திங்கள்

சொல்லிவிட்டேன். "ஒன் சேட்டைய எங்கிட்டயே காட்டுறியா?" என்றாள். நேற்றைய காக்காவைப் போட்டுக் காட்டினேன். வெளியே பட்டறை அராவிக்கொண்டிருந்தது. இரண்டையும் கேட்டாள். டேப்பை அவளே அணைத்தாள்.

அப்புறம், "ஒங்கப்பாவ வேல நாளுல போயிக் கேக்கச் சொல்லு."

வேணாம்னு சொல்லல!

ஜூன் 27

இரண்டாவது கேசட். ஒரு புதன்கிழமை லீவு போட்டு, டேப்போடு ஆறு வீடு ஏறி இறங்கியிருக்கிறார். ஜூரோங், நம் பட்டறைக்குத் தாத்தா. தேக்கா தேக்காதான். ஆறாவது வீட்டில் அப்பாவின் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டார்:

"பதினோராவது மாடி, ஜெயா. ஜன்னலுக்கு நேரா நம்மாளுக கல்லறைத் தோட்டம். பயந்துக்கிட்டு யாரும் குடிவரலையாம்."

அம்மா சிரித்துவிட்டாள். "செத்தவுக இரும்பு அராவ மாட்டாக. அந்த வீட்டயே பேசி முடிக்கச் சொல்லு."

செப்டம்பர் 15, செவ்வாய், சிங்கப்பூர்

எங்கள் தெருவைப் போலப் பத்துத் தெருவை நட்டுக்குத்தலாக நிறுத்தினால் அது இங்கே ஒரு கட்டடம். லிஃப்டில் நாலு பாஷை. கீழே எறும்புப் புற்று உடைந்ததைப் போல ஜனம். தெருப் பக்கத்து ஜன்னலை மூடிவிட்டு இந்தப் பக்கம் வந்தால் வரிசை வரிசையாகச் சிலுவை, மரம், வெயில். இம்புட்டுப் பெரிய ஊருக்குள் இம்புட்டு அமைதியை எங்கே ஒளித்துவைத்திருந்தார்கள்?

மாலை நாலரை. வேலை நாள். அம்மா தூங்குகிறாள்.

அப்பாவை 'பே' என்று கத்திப் பயமுறுத்தக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, பூனை மாதிரி உள்ளே வந்தார்.

நான் கத்தவில்லை.