திருவிழா என்று எழுதிவிட்டார்கள், அப்பா

என் அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஏழு வருடமாகிறது. இதுவரை உங்களுக்கு எழுதத் தோன்றியதில்லை. இப்போது வயிறு எரிகிறது, எழுதுகிறேன்.

காஜா பேராங்கில், நம் வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான். உங்கள் சிநேகிதர் மாணிக்கம் மாமா இப்போது இங்குள்ள பள்ளியில் தலைமையாசிரியர். எனக்கு அதே பள்ளியில் டீச்சர் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அந்த நன்றிதான் இத்தனை நாள் என் வாயைக் கட்டியிருந்தது.

சுதந்திர தினத்துக்குப் பள்ளியில் பழைய படங்களின் கண்காட்சி. அம்மாவின் பெட்டியிலிருந்து அந்தப் படத்தை எடுத்துப் போனேன். புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், மாரியம்மன் கோவில் முன்னால் நீங்களெல்லாம் நிற்பீர்களே, அது. பெண்கள் கையில் வேப்பிலை. உங்கள் பக்கத்தில், அப்போது தோட்டப் பள்ளி வாத்தியாராயிருந்த மாமா. ஓரத்தில் பன்னிரண்டு வயது நான்.

கூட்டம் கூடினால் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை போலீசைக் கூப்பிடுவான் என்று, திருவிழா என்று சொல்லித்தானே கூடினீர்கள்? டவுன் போட்டோக்காரரும் அதை நம்பித்தான் வந்தார். அன்று ஒருவரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகவில்லை. கூலியை உயர்த்தச் சொல்லி மனு எழுதியதே மாமாதான். அந்த வேலைநிறுத்தத்துக்காகத்தானே உங்களை வேலையிலிருந்து நீக்கி, லயத்து வீட்டிலிருந்து நம் சட்டிபானையை வெளியே எறிந்தார்கள்?

படத்தின் கீழே "வேலைநிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளர்கள்" என்று எழுதி ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் "தோட்டத்து மாரியம்மன் திருவிழா" என்றிருக்கிறது. மாமாவின் கையெழுத்து.

அறைக்குப் போய்க் கேட்டேன்.

"நான் பொய் எழுதலயேம்மா. துரைகிட்ட நாங்களே அப்படித்தானே சொன்னோம்?"

"துரைகிட்ட சொன்னதைப் பிள்ளைங்ககிட்டயும் சொல்லணுமா மாமா?"

"சங்கம், ஸ்ட்ரைக்குன்னு எழுதினா கம்யூனிஸ்ட்டுன்னு முத்திரை குத்திருவாங்க லா. கண்காட்சிக்கு ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வர்றாரு. உங்கப்பா இருந்தா அவரும் இதைத்தான் சொல்லியிருப்பாரு."

அதுதான் சுட்டது. வெள்ளைக்காரன் சங்கக்காரர்களைப் பிடித்துக்கொண்டுபோன அவசரகாலத்தில், உங்கள் தொழிற்சங்க அட்டையை அடுப்பில் போட்டுவிட்டு, யார் கேட்டாலும் திருவிழா என்று சொல் என்று நீங்களும்தானே சொன்னீர்கள்? பயந்தீர்கள், புரிகிறது. ஆனால் எதுவரைக்கும் அப்பா? வெள்ளைக்காரன் கொடிதான் இறங்கிவிட்டதே.

சரித்திரப் புத்தகத்தைப் புரட்டினேன். ரப்பர் விதை வந்த கதை இருக்கிறது, ரயில் பாதை இருக்கிறது. நமக்கு, தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறினோம் என்று ஒரே ஒரு வரி. அதை எழுதியவர்களுக்கு நாம் யாரோ. பக்கத்திலேயே நின்ற மாமா மறைத்துவிட்டாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்னும் கேளுங்கள். கண்காட்சியன்று ஐந்தாம் வகுப்புச் செல்வி உங்கள் முகத்தில் விரலை வைத்து, "டீச்சர், சாமி கும்பிட வந்தவங்க ஏன் இவ்ளோ கோவமா இருக்காங்க?" என்றாள். என் பின்னால் மாமா நின்றிருந்தார்.

"வெயில்மா" என்றேன்.

நான்தான் சொன்னேன் அப்பா, என் வாயால். அன்றிலிருந்து அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை முதல் பாடம் சரித்திரம். நான் உன்னிடம் பொய் சொன்னேன் என்று முதலில் செல்வியிடம் சொல்வேன். அப்புறம் நீங்கள் ஏன் கோபமாக நின்றீர்கள் என்று வகுப்புக்கே சொல்வேன். மாமா வாசலில் வந்து நின்றாலும் நிறுத்தமாட்டேன். வேலை போனால் போகட்டும். உங்களுக்கும் போனதுதானே.

உங்கள் மூத்த மகள்,
ராஜம்மா